மலை ஏறும் ஜீப்புக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கயிறு, அளவுநாடா, தராசு ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு ஜீப்பைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்தேன். அதை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்களுடனும் பேராசிரியப் பெருமக்களுடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஜீப் ஓட்டுநர். விடியற்காலையில் போடியில் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவது அவர் தொழில். வண்டி முன்னும் பின்னும் பட்டை வைத்த பழைய மகிந்திரா ஜீப். சித்தப்பா சூரியநெல்லியில் தங்கிக் கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நமது தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் போகிற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் உண்டு. அது சாலை என்று சொல்லத்தக்கதன்று. பாறையும் குழியும் கலந்த ஏற்றம்.

“இந்தா பாரு தாயி, டவுன்காரங்க வண்டி உசரமா இருந்தாத்தான் ஏறுவாங்க. நம்ம வண்டியப் பாத்தா காய்கறி ஏத்துற வண்டின்னு நெனைக்கிறாங்க” என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். அப்பாவும் சுற்றுலாத் தொழிலுக்கு மாற எண்ணியிருந்த நேரம். நான்கு அங்குலம் வண்டியைத் தூக்கி, 31 அங்குல டயர் மாட்ட எண்பத்தையாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு பட்டறையில் கணக்குக் கொடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்த சேமிப்பு அதற்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே முன்பு ஒருவர் அதுபோலத் தூக்கிய ஜீப் ஒரு வளைவில் சாய்ந்து, அவர் இன்றும் காலை இழுத்து நடக்கிறார். எனவே பணத்தைக் கொடுக்குமுன் பத்து நாள் பொறுக்குமாறு அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன்.

முதலில், வண்டியைத் தூக்குவதால் எது உயர்கிறது என்று பார்ப்போம். நான் கேட்டவரையில் பெரும்பாலான ஓட்டுநர்கள் “அடி தட்டாது” என்றே விடை சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஜீப்பைப் போன்ற வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது ஆக்சிலின் நடுவே பருத்து நிற்கும் டிபரன்ஷியல் கூடு. ஆக்சில் சக்கரத்தோடு பிணைந்தது. பட்டை ஆக்சிலுக்கு மேலே இருப்பது. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் சட்டமும் உடலும் உயருமேயன்றி, டிபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டரும் உயராது. அதை உயர்த்தக் கூடியது டயரின் ஆரம் ஒன்றே. எங்கள் வண்டியில் டிபரன்ஷியலின் கீழ் இடைவெளி 20 செ.மீ. அதில் இருந்த 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ 71 செ.மீ.; 31 அங்குலம் என்பது 78.7 செ.மீ. ஆரத்தில் வேறுபாடு 3.8 செ.மீ. ஆகவே எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு நாங்கள் பெறவிருந்த உண்மையான தரை இடைவெளி 3.8 செ.மீ. மட்டுமே.

அப்படியானால் பட்டையைத் தூக்குவது வீணா என்றால், இல்லை. அதற்கு இரண்டு பயன்கள் உண்டு. பெரிய டயர் உராயாமல் திரும்ப இடம் கிடைக்கும், கோணங்கள் கூடும். மேட்டில் ஏறும்போது முன்பம்பர் இடிக்காத கோணம், இறங்கும்போது பின்புறம் இடிக்காத கோணம், முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாத கோணம் என இவை மூன்று. 2020-இல் வெளிவந்த மூன்று கதவுத் தார் வண்டிக்கு இவை முறையே 41.8, 36.8, 27 பாகைகள். 2024-இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸில் முகட்டுக் கோணம் 23.9 பாகையாகக் குறைந்தது. காரணம் உயரம் அன்று. முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2450 மி.மீ.யிலிருந்து 2850 மி.மீ. ஆனதே. எங்கள் ஜீப்பில் அத்தூரம் 2310 மி.மீ.தான். குட்டை வண்டிக்கு இந்தக் கோணங்கள் இயல்பாகவே நன்றாக அமைந்துவிடுகின்றன. கொழுக்குமலைப் பாதையில் பதினைந்து ஆண்டுகளாக ஓட்டும் சித்தப்பாவை, வயிறு எத்தனை முறை தட்டியது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “டிபரன்ஷியல்தான் தட்டும், வயிறு தட்டுனதில்ல” என்றார்.

இனி இழப்பைப் பார்ப்போம். வண்டி சாயுமா நிற்குமா என்பதை நிர்ணயிப்பவை இரண்டு: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி, புவியீர்ப்பு மையத்தின் உயரம். முன்னதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது, வண்டி கவிழும் சரிவுக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு. அகலத்தை நாடாவால் அளந்துவிடலாம். புவியீர்ப்பு மையம் இரும்புக்குள் எங்கோ இருப்பது. அதை எப்படி அளப்பது? முதலாமாண்டில் ஒழுங்கற்ற அட்டையைத் தொங்கவிட்டு மையம் கண்டது நினைவுக்கு வந்தது. ஜீப்பையும் ஏறத்தாழ அவ்வாறே செய்யலாம்.

இரண்டு ஏலக்காய்க் கடைகளிலிருந்து 500 கிலோ நிறுக்கும் பிளாட்பாரத் தராசுகள் இரண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினோம். முன்சக்கரங்கள் இரண்டையும் அவற்றின்மேல் ஏற்றி, பின்சக்கரங்களை அதே உயரத்தில் பலகைமேல் நிறுத்தியபோது முன்பக்க எடை 690 கிலோ. பின்பு திருப்பி நிறுத்திப் பின்பக்கம் நிறுத்ததில் 620 கிலோ. மொத்தம் 1310. அடுத்து, உடல் முன்னே குனிந்துவிடாதபடி சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்துச் சங்கிலியால் இறுக்கினோம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, பின் ஆக்சிலைச் செயின் பிளாக்கால் 60 செ.மீ. தூக்கினோம். முன்பக்கத் தராசுகளின் கூட்டுத்தொகை 744 ஆனது. கூடிய 54 கிலோவில்தான் விடை இருக்கிறது. மையம் ஆக்சில் மட்டத்திலேயே இருந்தால் இந்த எடை கூடவே கூடாது. எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு முன்னே சாய்ந்து எடை கூடும். கூடிய எடையைச் சக்கர இடைத்தூரத்தால் பெருக்கி, மொத்த எடையையும் சாய்கோணத்தின் டான்ஜென்டையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 231 செ.மீ.க்கு 60 செ.மீ. உயர்வு என்றால் டான்ஜென்ட் 0.269. விடை 35 செ.மீ. இது ஆக்சிலின் மையத்துக்கு மேல் உள்ள உயரம். ஆக்சில் மையம் தரையிலிருந்து 35 செ.மீ. ஆக, மையத்தின் உயரம் 70 செ.மீ. டாங்கியில் டீசல் தளும்புவது, டயர் அமுங்குவது ஆகியவற்றால் இரண்டு மூன்று செ.மீ. பிழை இருக்கலாம். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், “ஜீப்பை விக்கப் போறீங்களா, இரும்புக்கடைக்கா?” என்று கேட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சக்கர அகலம் 130 செ.மீ.; பாதி 65. 65-ஐ 70-ஆல் வகுத்தால் கோணம் 42.9 பாகை. இப்போது நான்கு அங்குலம், அதாவது 10 செ.மீ. பட்டையில் தூக்கினால் ஆக்சில்களும் சக்கரங்களும் நீங்கலான முக்கால் பங்கு எடை மட்டுமே உயரும், மையம் 7.5 செ.மீ. ஏறும். டயர் தரும் 3.8 செ.மீ.யால் எல்லாமே உயரும். மையம் 81.3 செ.மீ.க்குப் போகிறது, கோணம் 38.6 ஆகிறது. இது காலி வண்டிக்கு. எட்டுப் பேரை ஆளுக்கு 60 கிலோவாக, தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் உட்கார வைத்தால் பழைய நிலையில் 38.8 பாகை, தூக்கிய நிலையில் 35 பாகை. அதாவது எட்டுப் பேர் ஏறினால் எவ்வளவு ஆபத்துக் கூடுமோ, ஏறத்தாழ அவ்வளவு ஆபத்தை ஆளே ஏறாமல் விலைக்கு வாங்குகிறோம். ஆள் ஏறும்போது அது இரட்டிப்பாகிறது.

முப்பத்தைந்து பாகைச் சரிவில் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நின்றுகொண்டிருக்கும் விறைப்பான வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. ஓடும் வண்டியின் உடல் பட்டையின்மேல் வெளிப்புறமாகச் சாய்கிறது. கீழ்ப்பக்க டயர் அமுங்குகிறது. ஒரு சக்கரம் 15 செ.மீ. குழியில் விழுந்தாலே ஏறத்தாழ 6.6 பாகை சாய்ந்துவிடும், அதுவும் தடாலென்று. வளைவில் இன்னொரு வகை: தார்ச்சாலையில் 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் எட்டுப் பேருடன் பழைய உயரத்தில் கவிழும் வேகம் மணிக்கு 35 கி.மீ.; தூக்கிய உயரத்தில் 32.7. உடல் சாய்வதைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் குறையும். மண்ணில் வண்டி வழுக்கித் தப்பிக்கும். பிடிப்புள்ள நல்ல தாரில்தான் கவிழும். எங்கள் தெருக்காரரின் ஜீப் கரடுமுரடான பாதையில் சாயவில்லை. புதிதாகத் தார் போட்ட வளைவில்தான் சாய்ந்தது.

அகலமான ரிம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொன்னார்கள். கணக்குப்படி சரியே. ஆனால் பழைய 42.9 பாகையைத் திரும்பப் பெற ஒவ்வொரு பக்கமும் 10.5 செ.மீ. தள்ள வேண்டும். பேரிங் மேல் விழும் நெம்புகோல் சுமை என்னவாகும் என்பதை நம் வகுப்பினருக்கு விளக்க வேண்டியதில்லை.

தூக்கும் முறைகளையும் ஒருவாறு நோக்குவோம். மிக மலிவானது நீண்ட ஷேக்கிள். பட்டையின் ஒரு முனை மட்டுமே ஷேக்கிளில் தொங்குவதாலும், ஆக்சில் நடுவில் இருப்பதாலும், ஷேக்கிளை 5 செ.மீ. நீட்டினால் வண்டி 2.5 செ.மீ. மட்டுமே உயரும். அத்துடன் ஆக்சில் தன் அச்சில் சற்றுச் சுழன்றுவிடும். முன்னே ஷேக்கிள் உள்ள எங்கள் வண்டியில் அது காஸ்டர் கோணத்தைக் குறைக்கும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் அலையும். அடுத்தது ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது. பின்னால் வைத்தாலே முடுக்கும்போது கட்டை நெம்புகோலாக நின்று பட்டையை முறுக்குகிறது. முன்னால் வைக்கவே கூடாது. பிரேக் விசையும் ஸ்டீயரிங் விசையும் அங்கேதான் வருகின்றன. இதைப் புத்தகத்தில் படிக்குமுன் எங்கள் ஊர்ப் பட்டைக்கடைப் பெரியவரிடம் கேட்டேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. “முன்னால கட்டை வெச்சவன் கிட்ட நான் காசு வாங்க மாட்டேன்” என்பது அவர் விடை.

மூன்றாவது, பட்டை கூட்டுவது. ஏழு பட்டை உள்ள கட்டில் அதே தடிமனில் இன்னொன்று சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 விழுக்காடு கூடும். ஆனால் 6 மி.மீ. பட்டைகளை எடுத்துவிட்டு 7 மி.மீ. பட்டைகள் போட்டால், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதமாதலால், 59 விழுக்காடு கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணுகிறோம்! விறைப்பான பட்டை சுமை தாங்கும். ஆனால் குழியில் சக்கரத்தை இறங்க விடாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சாதாரண டிபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான திருப்புவிசையே கொடுப்பதால், தரையில் உள்ள சக்கரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காது. வண்டி உயரமாக நின்று ஒரு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. சுமையால் பட்டை 10 செ.மீ. அமுங்கும் வண்டி நொடிக்கு 1.6 முறை ஊசலாடும், 5 செ.மீ. மட்டும் அமுங்குவது 2.2 முறை. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காரணம் இந்த எண்ணில் இருக்குமென்று அப்போது தெரியாது.

எப்படித் தூக்கினாலும் உடன் மாற்ற வேண்டியவை பல. ஷாக் அப்சார்பர் நீளம் போதாவிட்டால் சக்கரம் இறங்கும்போது அதுவே கயிறுபோல் இழுத்துப் பிடித்து முறியும். பிரேக் ஹோஸ் நீளம் போதாவிட்டால் அறுந்துவிடும். நின்ற நிலையில் தளர்வாகத் தெரிவது சக்கரம் முழுதும் தொங்கும்போது விறைத்துவிடுவதை ஜாக்கி போட்டுப் பார்த்தால் காணலாம். புரொப்பல்லர் ஷாப்டின் கிராஸ் மூட்டுக் கோணமும் கூடும். ஹூக் மூட்டில் உள்தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் வெளித்தண்டு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். 5 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 விழுக்காடு, 15 பாகையில் 3.5 விழுக்காடு. இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆக்சில் சுழன்று அந்தச் சமம் கெட்டால் அதிர்வு தொடங்கும், கிராஸ் தேயும். பட்டறை கொடுத்த கணக்குச் சீட்டில் ஷாக் மட்டுமே இருந்தது, ஹோஸ் இல்லை.

டயரைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. இருப்பினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விட்டம் 71-இலிருந்து 78.7 ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 10.8 விழுக்காடு கூடுதல் தூரம். ஸ்பீடாமீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-இல் ஓடும். ஏற்றத்தில் இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறையும். இதை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாதது இறக்கத்தைப் பற்றியது. பிரேக் தரும் திருப்புவிசை மாறாதிருக்க, ஆரம் கூடினால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் அதே அளவு குறையும். முதல் கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் அவ்வாறே. கொழுக்குமலை ஏறுவது அல்ல, இறங்குவதுதான் கடினம் என்று எந்த ஓட்டுநரும் சொல்வார்.

விட்டத்தைவிடக் காற்றழுத்தம் அதிகம் உதவும் என்பது என் துணிபு. டயர் தரையைத் தொடும் பரப்பு, சுமையை அழுத்தத்தால் வகுத்ததற்கு ஏறத்தாழச் சமம். சக்கரத்துக்கு 325 கிலோ என்றால் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 154 சதுர செ.மீ.; 18-க்கு இறக்கினால் 257. சேற்றில் இது காசில்லாமல் கிடைக்கும் அகலம். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். இல்லையேல் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கெடும். கூரிய கல் உள்ள இடத்தில் மிகவும் இறக்கினால் பக்கச்சுவர் கிழியும். தடத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆய்வகத்தில் இரவல் வாங்கிய வெர்னியரால் எங்கள் பழைய டயர்களை அளந்தேன். முன்னிடதில் 1.2. அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அதே டயரில்தான் நாள்தோறும் எட்டுப் பத்துப் பேரை ஏற்றிச் சென்றிருந்தார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்து ஈட்டுத்தொகை கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

இவ்வளவும் எழுதிக் காட்டியதும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப என்னதான் செய்யலாம்?” அளந்து பார்த்ததில் எங்கள் பட்டைகள் ஆண்டுக்கணக்கில் சுமந்து 4 செ.மீ. தாழ்ந்திருந்தன. இடது பின்கட்டில் மூன்றாம் பட்டை முறிந்தே இருந்தது. பெரியவரிடம் கொடுத்து வளைவு மீட்டு, முறிந்ததை மாற்றி, புஷ்களும் யு போல்ட்டுகளும் புதிதாகப் போட்டோம். இழந்த உயரம் திரும்பியது. கம்பெனி வைத்த அளவைத் தாண்டவில்லை. 15 அங்குல ரிம் வாங்கி, 215/75 ஆர் 15 அளவில் எல்லாத் தரைக்கும் ஏற்ற தடமுள்ள ரேடியல் டயர் மாட்டினோம். அதன் விட்டம் 70.4 செ.மீ., ஏறக்குறைய பழைய அளவே. பொலிரோவுக்கும் அதே அளவானதால், டயர் வெடித்தால் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். ஷாக், பிரேக் ஹோஸ், பிரேக் லைனிங் எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்பதாயிரம் ஆயிற்று. மீதி காப்பீட்டுக்கும் என் விடுதிக் கட்டணத்துக்கும் போனது.

பார்வைக்கு வண்டி முன்போலவேதான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு அதில் மனக்குறை. டவுன்காரர்கள் இன்னும் உயரமான வண்டியையே முதலில் கேட்கிறார்களாம். அப்பா சுற்றுலாவுக்கு மாறவில்லை, தோட்டத்துக்கே ஓட்டுகிறார். ஆனால் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்; அதனால் வருமானம் குறைந்தது உண்மை.

வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்துச் சட்டத்திலிருந்து ஆக்சில் வரை மறுபடி நான்கு மூலையிலும் அளந்தேன். மூன்று மூலைகள் அப்படியே உள்ளன. ஓட்டுநர் பக்கத்துப் பின்கட்டு மட்டும் ஒரு செ.மீ. இறங்கியிருக்கிறது. டீசல் டாங்கியும் ஓட்டுநரும் ஒரே பக்கம் இருப்பதாலா, பட்டைக்குக் கொடுத்த சூட்டில் குறையா என்று பெரியவருக்கும் எனக்கும் வாதம் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் தராசுகளை மீண்டும் இரவல் கேட்டிருக்கிறேன்.